கள்ளுக்கடையில் நடந்த பள்ளிக்கூடம்

வெளிநாட்டுப் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்கப் புறப்படுகிறீர்கள். பாடத்திட்டம், நிர்வாகக் குழு, தேர்வு முறை ஆகியவற்றைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். "மூன்று கண்டங்களில் தலைமையாசிரியராக இருந்திருக்கிறீர்கள் மேடம். எடுத்ததிலேயே கடினமான முடிவு எது?" என்று கேட்டார்.

ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த நகரத்தில் பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றி விமான நிலையம் சேர்த்த கதையை அவர் எதிர்பார்த்திருப்பார். அதுவும் நடந்தது. ஆனால் அன்று நான் தயங்கவில்லை. தயங்க வேண்டியதையெல்லாம் வெகுகாலம் முன்பே தயங்கி முடித்திருந்தேன். அது மலாயாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தில்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். செரம்பானில் பிறந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர், தோட்டச் சாலையில் லாரி ஒன்று சுடப்பட்ட பிறகு விடுப்பில் போனவர்தான், திரும்பவில்லை. வேறு யாரும் போக முன்வராததால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அப்பா சில நாள் என்னுடன் பேசவில்லை. பிறகு அவரே பகாவ் வரை பஸ்ஸில் வந்து, என்னைத் தோட்டத்து லாரியில் ஏற்றிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தை நீங்கள் பாடப்புத்தகத்தில்தான் படித்திருப்பீர்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், பெரும்பாலும் சீனர்கள். வெளியே போலீசும் பட்டாளமும். நடுவில் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பாலெடுக்கும், சனங்கள். காட்டிலிருந்து வருகிறவர்கள் அரிசி கேட்பார்கள். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், கொடுக்காவிட்டால் அவர்கள் சுடுவார்கள். அரிசி காட்டுக்குப் போகாமல் தடுக்க, அங்கங்கே சிதறிக் கிடந்த தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்து, எல்லாரையும் ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்துத்தான் விடுவார்கள். ஒரு சோற்றுப் பொட்டலம்கூட வெளியே போகக் கூடாது. காலையில் பசியாறிவிட்டுப் போனால், வெயில் உச்சிக்கு வந்து திரும்பிய பிறகுதான் அடுத்த கவளம்.

பள்ளிக்கூடம் பெரிய சாலையோரத்தில், வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு, பள்ளியை மூடப்போவதாகச் சொன்னார்.

"வேலிக்கு வெளியே பிள்ளைகளை அனுப்ப நான் பொறுப்பேற்க முடியாது. உள்ளே கட்டடம் இல்லை. நிலைமை சீரானதும் பார்க்கலாம்."

"எப்போது சீராகும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கட்டடம் இருக்கிறது," என்றேன். "மத்தியானம் வரை பூட்டித்தான் கிடக்கிறது."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்ட மனிதரால் மறுப்புச் சொல்வது சிரமம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிற்காலத்தில் பல நிர்வாகக் குழுக்களிடம் அது எனக்கு உதவியிருக்கிறது.

அது தோட்டத்துக் கள்ளுக்கடை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நீளமான பலகைகள். பிற்பகலில்தான் திறப்பார்கள். பெண்கள் சிலர் என்னுடன் வந்து சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். புளித்த வாடை போகவில்லை.

"சாயங்காலம் அப்பன் உக்கார்ற பலகையில காலையில மகன் உக்காந்து படிக்கப் போறான் லா," என்று ஒருத்தி, மலாயாப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு சொல்ல, மற்றவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பாடம் தொடங்கிவிட்டது.

சில மாதங்களில் சீனக் குடும்பங்கள் வந்தன. காட்டோரத்தில் மரவள்ளியும் கீரையும் பயிரிட்டு வாழ்ந்தவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டுவந்து, எங்கள் வேலியை நீட்டி அதற்குள்ளேயே குடியமர்த்தினார்கள். அவர்களுக்குத் தனிப் பள்ளி வரும் என்று சொன்னார்கள். வரவில்லை. அந்தப் பிள்ளைகள் கள்ளுக்கடைக்கு வெளியே நின்று நாங்கள் வாய்ப்பாடு சொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அவர்களில் பெரியவளான ஒரு பெண்ணிடம் மலாயில் கேட்டேன், "மாசோக் மாவ்?" உள்ளே வருகிறாயா என்று அர்த்தம். அவள் இடுப்பிலிருந்த தங்கையை இறக்கி, அவளுடைய முகத்தைத் தன் சட்டையால் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். பெயர் மெய் லிங். பத்து, பதினொரு வயதிருக்கும். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'யோசிப்போம்' என்றிருப்பார்கள். என் முதல் சர்வதேசப் பள்ளி அதுதான் என்று பின்னாளில் நினைத்துக்கொள்வேன். அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள், உள்ளே பலகையில் இடமிருக்கிறது, அவ்வளவுதான்.

தோட்டத்து மண்டோர் முனியாண்டி மறுநாளே தன் மகள் சரசுவை நிறுத்திவிட்டார். மண்டோர் என்றால் வேலையாட்களுக்கு மேற்பார்வையாளர். சனங்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். அவரைப் பார்த்து இன்னும் சில வீட்டுப் பிள்ளைகளும் நின்றன. காரணம் எல்லாருக்கும் தெரியும். அவருடைய தம்பி தோட்டக் காவல்காரராக இருந்தவர். காட்டுக்காரர்கள் அவரை நிரையில், ரப்பர் மர வரிசைகளுக்கு நடுவே, வைத்துச் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"ஒங்க மேல கோவம் இல்ல டீச்சரம்மா. அந்தப் புள்ளைங்களப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு என் தம்பிய தூக்கிட்டு வந்தது ஞாபகம் வருது."

"அந்தப் பிள்ளைங்களா சுட்டாங்க மண்டோரே?"

"இல்ல. அதுங்க என்னா பண்ணும். ஆனா சுட்டவனுங்கள்ல யாரோ ஒருத்தன் அதுங்களுக்கு அப்பனா இருப்பான்ல, யாரோ ஒருத்தன் மாமனா இருப்பான்ல."

அவரைச் சமாதானப்படுத்தப் பார்ப்பது அவருடைய துக்கத்தை அவமதிப்பது போலத் தோன்றியது. "சரசுவோட இடம் அப்படியே இருக்கும்," என்றேன். "எப்ப வேணுமானாலும் வரட்டும். ஆனா அதுக்காக இன்னொரு பிள்ளையை எழுப்பி வெளியே விடமாட்டேன். இதை நேர்ல சொல்லத்தான் வந்தேன்."

"அப்ப என் மக வராது."

"சரிங்க."

எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் தோற்றுவிட்டதாகத்தான் எண்ணினேன். ஆனால் அப்பா அம்மா வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டுக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருக்க எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? சில வாரம் கழித்து சரசு தானாகவே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மண்டோர் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை. நானும் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். உங்கள் பள்ளிகளில் இது நிச்சயம் நடக்கும். இரண்டு நாடுகளுக்குள் சண்டை மூளும். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பிணத்தைப் பார்த்துவிட்டு வந்த தகப்பன் உங்கள் அறையில் உட்கார்ந்து, "அந்தப் பையனோடு என் பையனை உட்கார வைக்காதீர்கள்" என்பார். அவரிடம் சமாதானம், சகோதரத்துவம் என்று பேசாதீர்கள். அவர் வலி உண்மை. அதைக் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு, யாரையும் எழுப்ப மாட்டோம் என்று சொல்லுங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தவர்கள் நல்ல மனிதர்களாக இருந்திருக்கிறார்கள், பள்ளியை நடத்த முடியாமல் போயிருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவுக்குப் பழக்கமானவர் என்பதால் நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் போன பிறகு, கள்ளுக்கடைப் பலகையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, மெய் லிங் எண்டு ஒரு சீனப் பெட்டை உம்மட்டைப் படிக்குதெல்லே. அதின்ட தகப்பன் காட்டுக்குள்ள. தாய்தான் அரிசி கொண்டுபோய்க் குடுக்குறா எண்டு நினைக்கிறம். எப்பிடிக் கொண்டு போறா எண்டுதான் தெரியேல்லை."

நான் பிள்ளைகளின் சிலேட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"அந்தப் பெட்டை உம்மோட நல்ல ஒட்டு. நீர் பக்குவமாக் கேட்டால் சொல்லும். வீட்டில அரிசியை எதுக்குள்ள போடுறவை எண்டு கேட்டால் காணும், மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

"நான் கேட்கமாட்டன் அங்கிள்."

அவர் கோபப்படவில்லை. சோர்ந்த குரலில், "போன மாதம் என்ர ஆக்கள் ரோட்டில செத்தவங்கள். உம்மட வயசுப் பொடியங்கள். அவங்கட தாய்மாருக்கு நான் என்ன சொல்ல?" என்றார்.

அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதை நான் செய்திருந்தால் சில உயிர்கள் தப்பியிருக்கலாம். இதை மறைத்துவிட்டு என் முடிவை உங்களுக்குச் சுலபமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

"பிள்ளை என்னை நம்பிச் சொல்லுற சொல்லால அதின்ட தாய் ஜெயிலுக்குப் போனால், பிறகு இந்தக் கொட்டிலுக்குள்ள ஒரு பிள்ளையும் எனக்கு உண்மை சொல்லாது," என்றேன். "வேலி வாசலில சோதிக்கிறது உங்கட வேலை. அதைச் செய்யுங்கோ. நான் குறுக்க வரமாட்டன். தாயிட்டையும் போய் ஒண்டும் சொல்லமாட்டன்."

"உம்மையும் பிடிச்சு உள்ள போடலாம் எண்டு தெரியும்தானே? வழக்கு, விசாரணை ஒண்டும் தேவையில்லை இப்ப."

"தெரியும்."

"அப்பாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"பள்ளிக்கூடம் நடத்துறாள் எண்டு சொல்லுங்கோ."

அவர் போனார். நான் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். வெறுமனே மாட்டேன் என்றால் போதாது. அது என் மனசாட்சிக்கு மட்டும் நல்லது. பள்ளியைக் காப்பாற்ற, நான் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதை எல்லாரும் தங்கள் காதால் கேட்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலை, வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனேன். தமிழர், சீனர் எல்லாரும் நின்றார்கள். துப்பாக்கிகளுடன் காவலர்களும் இருந்தார்கள். தமிழிலும் மலாயிலும் சொன்னேன்.

"பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடம் யாரும் எதையும் கொடுத்து அனுப்பக் கூடாது. அரிசி கூடாது, மருந்து கூடாது, சேதி கூடாது. அதே மாதிரி, பள்ளியில் எந்தப் பிள்ளையிடமும் யாரும் எதையும் விசாரிக்கக் கூடாது. காட்டுக்காரர்களும் கூடாது, போலீசும் கூடாது. பிள்ளைகள் வழியாக ஏதாவது போனது தெரிந்தால், பிடிக்க வேண்டியது என்னை."

அந்தக் கூட்டத்தில் காட்டுக்குத் தகவல் அனுப்புகிறவர்கள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் காதிலும் விழ வேண்டும் என்றுதான் பேசினேன். வெளியிலிருந்து சுட்டால் தோட்டா பலகையைத் துளைத்துவிடும் என்று, அதன் பிறகு பல வாரங்கள் என் அறையில் பலகைச் சுவரை ஒட்டிப் படுக்கவில்லை. கட்டிலை நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்று பிற்பகலே துரை என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அங்கே இருந்தார். மண்டோர் முனியாண்டியும் நின்றார். துரை எரிச்சலில் இருந்தார்.

"இது பள்ளிக்கூடமா, தனி நாடா? கள்ளுக்கடையைப் பூட்டிவிடுகிறேன். மண்டோர், உன் தம்பியைக் கொன்றவர்கள் அவர்கள். நீ சொல். மூடிவிடலாமா?"

துரை மலாயில்தான் கேட்டார். மண்டோர் என்னைப் பார்க்காமல் தமிழில் பேசினார். இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

"டீச்சரம்மா செஞ்சது எனக்குப் புடிக்கல தொரை. சீனப் புள்ளைங்களச் சேத்ததும் புடிக்கல. காலையில பெரட்டுல பேசுனதும் புடிக்கல. ஆனா நாளைக்கு ஸ்கூல மூடுனா, நாளானைக்கு என் மக காட்டுல மங்கு தொடைக்கும். நான் அப்படித்தான் போனேன். என் தம்பியும் அப்படித்தான் போனான். அது வேணாம்."

காடு என்று அவர் சொன்னது ரப்பர் மரங்கள் நிற்கும் இடத்தை, மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். இன்ஸ்பெக்டர் அதை மொழிபெயர்க்கச் சற்றுத் தாமதித்தார். துரை மேசையிலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். கடைசியில் இன்ஸ்பெக்டர்தான், "இருக்கட்டும் சார். வாசல் சோதனையை நான் பலப்படுத்துகிறேன்," என்றார்.

எனக்கு ஆதரவாக ஒருவரும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மண்டோர் தன் மகளுக்காகப் பேசினார். நம்மைப் பிடிக்காதவர்களுக்கும் தேவைப்படும் பள்ளியாக அது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நெருக்கடியில் அது நிற்கும்.

பல வருடம் கழித்து வேறொரு கண்டத்தில், ஒரு தூதரக அதிகாரி என் அறைக்கு வந்து, ஒரு மாணவனின் தந்தை வீட்டில் யார் யார் வந்துபோகிறார்கள் என்று பையனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

இன்ஸ்பெக்டர் சொன்னது சரி என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலை வேலி வாசலில், மெய் லிங்கின் அம்மாவுடைய சைக்கிள் குழாய்க்குள் அரிசி இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த அரிசியை வாங்க வருகிறவர்களைப் பிடிக்க, அவள் மரம் வெட்டும் பகுதியில் பட்டாளம் போய் மறைந்து நின்றது. நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மேட்டுக்கு அப்பால் வெடிச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கணக்கைத் தொடரச் சொன்னேன்.

சற்று நேரத்தில் காவலர் ஒருவர் வந்து என் காதில் விஷயத்தைச் சொன்னார். மெய் லிங்கின் தகப்பன் இறந்துவிட்டான். தாயைப் பகாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் சிறிது நேரத்தில் தெருவெல்லாம் பேசும். அந்தப் பெண் அதைத் தெருவில் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

மெய் லிங்கைப் பின்பக்கம் அழைத்துப்போய், அவளுக்கு நேராக உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மலாயில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் அழவில்லை. "தங்கச்சிக்கு இப்ப சொல்ல வேணாம்," என்று தமிழில் சொன்னாள். எங்கள் பிள்ளைகளிடமிருந்து கற்ற தமிழ்.

மாலையில் இன்ஸ்பெக்டர் என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார். "நான் சொன்னது சரிதானே பிள்ளை," என்றார். வென்றவர் குரலில் அதைச் சொல்லவில்லை.

"சரிதான் அங்கிள். உங்கட ஆக்கள் வாசலில கண்டுபிடிச்சவை. பிள்ளை காட்டிக் குடுக்கேல்லை."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மெய் லிங்கும் தங்கையும் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

தாய் பிடிபட்டதும், ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் அரிசிப் பங்கு அவர்கள் வீட்டுக்கு நின்றுபோனது. அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பங்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உறவினர் வரும்வரை பிள்ளைகளை நானே என் அறையில் வைத்துக்கொண்டேன். அரிசி கொடுக்கும் நாளில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் பங்கு ஒரு ஆளுக்குத்தான். அளந்து போடுகிறவர்களை மண்டோர் முனியாண்டி மேற்பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

மண்டோர் அந்தப் பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. பிறகு, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"டீச்சரம்மா வீட்டுக்கு மூணு பேரு. அள."

அளக்கிறவன் தயங்கினான். "மண்டோரே, இது..."

"மூணு பேருன்னு சொன்னேன் லா."

அளந்து போட்டான். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவர் மன்னித்துவிட்டார் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அவர் மன்னித்தாரா என்பது அவருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று ஒரு முடிவெடுத்தார், அதைச் சத்தமாகச் சொன்னார். தலைமை என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருகிறவர்களில் அவர் ஒருவர்.

கெமாஸில் ரயில் தண்டவாள வேலையில் இருந்த தாய்மாமன் கொஞ்ச நாளில் வந்தார். பகாவ் போகும் தோட்டத்து லாரியில் பிள்ளைகளை ஏற்றினோம். சரசு தன்னுடைய பழைய பாவாடை ஒன்றைச் சின்னவளுக்குக் கொடுத்தாள். தாயை எப்போது விட்டார்கள், விட்டார்களா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. மெய் லிங்கைப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

லாரி கிளம்பும்போது அவள் குனிந்து என்னைக் கேட்டாள், "டீச்சர், நாளைக்கு ஸ்கூல் இருக்கா?"

அவள் வரப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இருக்கு," என்றேன்.

மறுநாள் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.